மேலே நடப்பவர்கள்

ஒரு வீட்டுக்கு எத்தனை ஊசி வாங்கிப் போட்டாலும் தேவைப்படும் வேளையில் ஒன்றும் கைக்கு அகப்படுவதில்லை. பொத்தான், நூற்கட்டை, பென்சில் துண்டு என்று சிறியவை எல்லாம் எங்கோ போய்விடுகின்றன. எங்கே போகின்றன என்று வளர்ந்தவர்கள் கேட்பதில்லை; இன்னொன்று வாங்கிக்கொள்கிறோம். குழந்தைதான் கேட்கிறது. மேரி நோர்ட்டன் என்ற ஆங்கில எழுத்தாளர் அந்தக் கேள்வியை விடாமல் பற்றிக்கொண்டு 1952இல் ஒரு நாவல் எழுதினார். பழைய வீடொன்றின் பலகைத் தளத்துக்குக் கீழே, கூடத்துப் பெரிய மணிக்கூட்டின் அடியில் வாசல் வைத்து, பென்சில் உயரத்தில் ஒரு குடும்பம் வாழ்கிறது. தகப்பன் பொட், தாய் ஹோமிலி, மகள் அரியெட்டி. மேலே உள்ளவர்கள் தொலைத்துவிட்டதாக நினைக்கும் பொருள்கள்தாம் அவர்களுடைய சீவனோபாயம். தபால்தலையில் இருக்கும் மகாராணி அவர்கள் சுவரில் ஓவியமாகிறாள். மையொற்றும் தாள் தரைவிரிப்பாகிறது. சுருட்டுப் பெட்டிகள் மகளின் படுக்கையறையாகின்றன. திருடுவதாக அவர்கள் நினைப்பதில்லை, இரவல் எடுப்பதாகவே சொல்லிக்கொள்கிறார்கள். பிரித்தானியாவின் கார்னகி பதக்கம் பெற்ற அந்த நாவலுக்கு 1982 வரை தொடர்ச்சிகள் வந்தன. 2010இல் யப்பானின் கிப்லி நிறுவனம் அதே குடும்பத்தை யப்பானிய வீடொன்றின் அடியில் குடியேற்றித் திரைப்படமாக்கியது.

மட்டக்களப்பு வாவிக்கரைக்கும் இந்தக் குடும்பத்துக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் இங்கே பள்ளி தொடங்கிய காலத்திலிருந்து ஆங்கிலப் புத்தகங்கள் இந்தக் கரைக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவற்றைவிடப் பல மடங்கு கதைகள் புத்தக உருவை உதறிவிட்டு வாய்வழியாக வந்து சேர்ந்திருக்கின்றன. ஆங்கிலம் படித்த ஆசிரியை ஒருவர் வகுப்பில் சொன்னதைப் பிள்ளை வீட்டில் சொல்லும். வீட்டில் அது வேறொன்றாகும். மஞ்சந்தொடுவாயின் கதைசொல்லி மாஸ்டர் சிவலிங்கத்தின் முன் சம்மணமிட்டு அமர்ந்திருந்த சிறுவர்கள் பின்பு தம் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் வயதை எட்டியிருக்கிறார்கள். ஒரு கதை ஊர்விட்டு ஊர் வந்தால் அந்த ஊரின் மண்ணில்தான் நடக்கவேண்டும் என்பது இங்கே கேட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும். நம் வீடுகளில் பலகைத் தளம் இல்லை, சீமெந்துத் தரைதான். ஆகவே இந்தக் கதையைக் கேட்கும் பிள்ளைகள் சிறுமனிதரைத் தயக்கமின்றி ஓட்டுக்கூரையின் முகட்டுக்குக் குடிபெயர்த்துவிடுகிறார்கள். பல்லிக்கும் அவர்களுக்கும் ஓயாத சண்டை.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பிரதேசத்தில் வீடு தாய்வழியே போகும். மகள் கலியாணம் முடித்ததும் பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவில் சிறிதாக ஒரு வீடு கட்டி அதற்குள் போய்விடுவதை நாம் எவ்வளவோ கண்டிருக்கிறோம். அதனால் ஒரே வளவுக்குள் மூன்று தலைமுறைகள் மூன்று அளவுகளில் வாழ்கின்றன: இன்னும் வளராத உடல், வீட்டை ஆளும் உடல், வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டுச் சிறிய கூரைக்குள் சுருங்கிக்கொண்ட உடல். சிறுமனிதர் கதையைத் தலைமுறை தோறும் படிப்பதன் பொருளை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறு இருக்குமா என்பது ஐயம்.

ஏனெனில் அந்தக் கதையின் பொருள், அதைப் படிக்கும் நாம் எந்த உயரத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. எட்டு வயதுப் பிள்ளைக்குக் குழப்பமே இல்லை, அரியெட்டி அவள்தான். மேசையின் விளிம்பு கண்ணுக்கு நேரே இருக்கும் பருவம். பெரியவர்களின் பேச்சு தலைக்கு மேலே எங்கோ நடந்து முடிந்து, தீர்மானங்கள் மட்டும் கீழே இறங்கிவரும். வெளியே போகவேண்டும், புல்லையும் வானத்தையும் பார்க்கவேண்டும் என்ற அந்தச் சிறுமியின் தவிப்பு, விளக்கம் எதுவும் கேளாமல் பிள்ளையின் நெஞ்சுக்குள் போய்விடுகிறது. அவளே முப்பத்தைந்து வயதில் தன் மகளுக்கு அதே கதையைச் சொல்லத் தொடங்கும்போது, அரியெட்டியின் வாயிலிருந்து வரும் சொற்களைவிட ஹோமிலியின் பெருமூச்சுகளே காதில் விழுகின்றன. எக்லெட்டினா என்றொரு உறவுக்காரப் பெண் மேலே போனவள், பூனை வந்த வீட்டில் காணாமற்போனவள். அவள் பெயரைச் சொல்லிச் சொல்லியே மகளை உள்ளே வைத்திருக்கும் அந்தத் தாயை, பிள்ளை வெளியே போய்த் திரும்பும்வரை படலையைப் பார்த்தபடி இருந்த காலம் ஒன்றைக் கடந்துவந்த இந்தக் கரைத் தாய்மார் கோழையென்று எப்படிச் சொல்வார்கள்? பிறகு எழுபது வயதில், சிறிய வீட்டின் திண்ணையிலிருந்து பெரிய வீட்டின் காலடி ஓசைகளைக் கேட்டுக்கொண்டு, யாருக்கும் இடைஞ்சலாகாமல் எடுத்துக்கொள்ளக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு வாழப் பழகியவருக்கு, தளத்தின் கீழ் வாழ்க்கை கற்பனையாகத் தோன்றுவதே இல்லை.

இவ்வாறு ஒவ்வொரு வயதிலும் நாம் அந்தச் சிறிய குடும்பத்தில் யாரோ ஒருவராக இருக்கிறோம். இதில் ஒரு புதிர் இருக்கிறது. அந்த வீட்டில் மேலே நடப்பவர்களும் இருக்கிறார்கள். சமையலும் வீட்டு நிர்வாகமும் பார்க்கும் திருமதி டிரைவர் இருக்கிறார், தோட்டக்காரர் இருக்கிறார். உயரத்தாலும் எடையாலும் நாம் அவர்களைத்தான் ஒத்திருக்கிறோம். ஆயினும் திருமதி டிரைவரைத் தன்னில் கண்டு திடுக்கிட்ட வாசகரை நாம் அறியோம். ஆறடி உயரமுள்ள மனிதன் ஆறங்குல மனிதனின் கதையைப் படித்துவிட்டு, எந்தச் சங்கடமும் இல்லாமல் தன்னை ஆறங்குலத்தான் என்றே எண்ணிக்கொள்கிறான். இலக்கியத்தின் இன்பம் இது. அதனுள் ஒளிந்திருக்கும் ஏமாற்றும் இதுதான்.

1726இல் ஜொனதன் ஸ்விஃப்ட் இந்த ஏமாற்றை ஓரளவு குலைத்துப் பார்த்தார். அவருடைய கலிவர் ஒரு தீவில் மலைபோன்ற மனிதன், அடுத்த நாட்டில் கைக்குள் அடங்கும் பொம்மை. ஆள் ஒருவனே. ஆனால் ஸ்விஃப்டின் நோக்கு கேலியில் நின்றுவிடுகிறது. சிறியவர் படும் துன்பத்தில் அவருக்கு அவ்வளவு நாட்டமில்லை.

நம் மரபு இதே இடத்தில் கேலியைத் தாண்டிப் போயிருக்கிறது. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலை மையமாக வைத்துப் பாரதத்தை நெருப்பின் மீது நடந்து நினைவுகூரும் மக்கள் வாழும் கரை இது. பாரதத்தின் ஆதிபருவத்தில் வரும் வாலகில்லியரை இங்கே நினைப்பது பொருந்தும். பெருவிரல் அளவே உள்ள முனிவர்கள் அவர்கள். காசியபரின் வேள்விக்கு விறகு சுமக்கும்போது, ஒரு பலாச இலையின் காம்பை எல்லாரும் சேர்ந்து தூக்கிக்கொண்டு, மாட்டின் குளம்படியில் தேங்கிய நீரைக் கடக்க முடியாமல் தத்தளிக்கிறார்கள். மலையளவு விறகைச் சுமந்துவந்த இந்திரன் அதைக் கண்டு சிரித்துவிட்டு அவர்களைத் தாண்டிப் போகிறான். அவன் அவர்களை மிதிக்கவில்லை, அடிக்கவில்லை, தாண்டிப்போனான், அவ்வளவுதான். அதற்கே அவர்கள் இன்னோர் இந்திரனைப் படைக்கும் வேள்வியைத் தொடங்குகிறார்கள். காசியபர் நடுவே நின்று சமாதானம் பேச, அந்த வேள்வியின் பயன் பறவைகளின் இந்திரனான கருடனாகப் பிறக்கிறது. அந்தக் கருடன் பின்னர் ஓர் ஆலங்கிளையில் அமர, கிளை முறிகிறது. முறிந்த கிளையில் தலைகீழாய்த் தொங்கித் தவம் செய்யும் வாலகில்லியரைக் கண்டு, அவர்களுக்கு ஊறு நேராதபடி கிளையை அலகில் கவ்விக்கொண்டே, இறங்கி அமர இடமின்றி வானில் சுற்றுகிறான். இந்திரனுக்கும் பலம் இருந்தது, கருடனுக்கும் இருந்தது. தன் பலம் எவர் தலைக்கு மேலே அசைகிறது என்று குனிந்து பார்த்தவன் கருடன் மட்டுமே. கடோபநிடதம் இதயத்தினுள் உறையும் புருடனையும் பெருவிரல் அளவினன் என்றே கூறுகிறது. ஏளனத்துக்கு ஆளான முனிவருக்கும் உள்ளத்தில் உறையும் பொருளுக்கும் நம் முன்னோர் ஒரே அளவைக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை எண்ணும்போது, சிறியதைக் கண்டு சிரிப்பவன் தன்னுள் எதைக் கண்டு சிரிக்கிறான் என்ற கேள்வி தானாகவே எழுகிறது.

ஆனால் மனிதர் கருடனாக நடந்துகொண்ட கதைகள் குறைவு. மட்டக்களப்பிலிருந்து தெற்கே, பொத்துவிலையும் பாணமையையும் தாண்டிய காட்டுப் புறத்தில், நிட்டாவோ என்ற குள்ள மனிதர் வாழ்ந்தார்கள் என்று வேடர் வழியாக ஒரு கதை வழங்குகிறது. மூன்று நான்கு அடி உயரம், கூரிய நகங்கள், குகைகளிலும் மரங்களிலும் வாசம். ஆங்கிலேய அரச ஊழியரான ஹியூ நெவில் 1886இல் தமது சஞ்சிகையான தப்ரொபேனியனில் இதைப் பதிவு செய்தார். வேடருக்கும் அவர்களுக்கும் தீராப் பகை. கடைசியில் எஞ்சியிருந்தவர்களை வேடர்கள் ஒரு குகைக்குள் விரட்டி, வாயிலில் விறகைக் குவித்து, மூன்று நாள் தீ மூட்டி முடித்துவிட்டார்கள் என்பது கதை. எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. அது வரலாறு என்று யாரும் நிறுவவில்லை. இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் 2003இல் ஒரு மீற்றர் உயர மனித இனமொன்றின் எச்சங்கள் குகையில் வெளிப்பட்ட பிறகு, இத்தகைய கதைகளை முன்புபோல் சிரித்து ஒதுக்க முடியவில்லை என்பது மட்டும் உண்மை. நமக்கு இங்கே வேறொன்று முக்கியம். நோர்ட்டனின் நாவல் எப்படி முடிகிறது? தளத்தின் கீழே ஒரு குடும்பம் இருப்பதைக் கண்டுபிடித்த திருமதி டிரைவர் எலி பிடிப்பவரை வரவழைக்கிறார். அவர் செய்வதும் அதேதான்: வழிகளை அடைத்துவிட்டுப் புகை போடுவது. பாணமைக் காட்டின் கதையை நோர்ட்டன் அறிந்திருக்க நியாயமில்லை. இரு கதைகளும் ஒரே புகையில் வந்து முடிவது தற்செயல் என்று தள்ளிவிட மனம் ஒப்பவில்லை. தனக்குக் கீழே இன்னோர் உயிர் சத்தமின்றி வாழ்ந்துகொண்டிருக்கிறது என்று அறிய நேர்ந்த பெரியவன் முதலில் அடைவது வியப்பு, அடுத்தது அச்சம், அதற்கடுத்து அவன் கை நீள்வது நெருப்பை நோக்கி.

நோர்ட்டன் சிறுவயதில் கிட்டப்பார்வை உள்ளவர். தொலைவில் மலையும் பறவையும் மற்றவர்களுக்குத் தெரிய, அவருக்கு வேலியோரப் புல்லும் வேரும் பூச்சியும்தான் தெரிந்தன. அந்த வேர்களுக்கிடையே இவ்வளவு சிறிய மனிதர் எப்படி நடப்பார்கள் என்று எண்ணிப் பார்த்ததிலிருந்து இந்தக் கதை முளைத்தது என அவரே சொல்லியிருக்கிறார். வளர்ந்தபின் அந்த எண்ணம் மறந்துபோயிற்று. இரண்டாம் உலகப்போர் நெருங்கிய காலத்தில் அது திரும்பி வந்தது. ஒரு குழந்தை கற்பனை மனிதருக்கென்று வகுத்த வாழ்க்கையை உண்மையான ஆண்களும் பெண்களும் வாழ நிர்ப்பந்திக்கப்படுவதை அப்போது கண்டதாக அவர் எழுதினார். இதைப் படிக்கும் ஐரோப்பியர் தமது பரண்களையும் நிலவறைகளையும் நினைத்துக்கொள்வார்கள். நாம் நினைப்பது வேறு: நம் போர்க்காலத்தில் பங்கருக்குள் மூச்சை அடக்கியிருந்த இரவுகள், வாவியைத் தோணியில் கடந்து படுவான்கரைக்குப் போன குடும்பங்கள், கையில் கிடைத்ததைக் கொண்டு அகதி முகாமில் அடுப்பு கூட்டிய பெண்கள். யூரியாப் பையைக் கதவுத் திரையாக்கவும் பால்மா டின்னை விளக்காக்கவும் ஹோமிலி நமக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்து வந்தபோது, மனிதன் எவ்வளவு சிறியவன் என்று நாவலடியும் கல்லடியும் ஒரு காலைப்பொழுதில் கற்றன.

இத்தனையும் பட்ட மக்கள் சிறியவர் கதையில் தம்மைச் சிறியவராகவே காண்பது இயல்பு. அதில் பிழை கூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் துன்பம் மட்டுமே நம்மை நிரந்தரமாகச் சிறியவர் பக்கத்தில் நிறுத்திவிடும் என்று நம்பினால், அந்த நம்பிக்கைதான் நாம் கட்டும் அடுத்த வீட்டின் தளமாகிறது. அதன் மேல் நாம் நடக்கிறோம், அதன் கீழே யாரோ இருக்கிறார்கள். சிறுமை என்பது ஒரு பொருளின் குணமன்று, இரண்டு உயிர்களுக்கிடையேயான உறவு. ஆகையால் எவரும் முழுவதும் சிறியவராகவோ முழுவதும் பெரியவராகவோ இருப்பதில்லை, மேலேயிருந்து வரும் காலடியோசைக்கு அஞ்சி ஒடுங்கும் அதே கணத்தில் நம் கால் இன்னொருவரின் கூரையை அதிரச் செய்துகொண்டிருக்கிறது, வளர்வது என்று நாம் கொண்டாடுவது அந்தக் கூரைகளின் எண்ணிக்கை நாளுக்கு நாள் கூடுவதையும், அவற்றின் கீழிருந்து வரும் ஓசை நம் செவிக்கு மேலும் மேலும் எட்டாமற்போவதையும் தன்னுள் அடக்கியிருக்கிறது. கேட்க விரும்புபவர் குனிய வேண்டியிருக்கிறது. பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் 1848இல் இந்த வாவியில் இரவில் தோணியில் போய், நீருக்கடியிலிருந்து வரும் இசையைத் தோணிப் பலகையில் காதை வைத்துக் கேட்டதாக எழுதிவைத்தார். வெளிநாட்டார் அதைப் பாடும் மீன் என்றார்கள். ஓட்டுயிரான ஊரியின் பாட்டு என்று மீனவர் அவரிடம் சொன்னார்கள். துடுப்பை நீரில் அமிழ்த்தி அதன் மறுமுனையைக் காதில் பொருத்திக் கேட்கும் வழக்கம் இங்கே இருந்திருக்கிறது. நிமிர்ந்து நின்றவருக்கு அந்த வாவி எப்போதும் ஊமை.

சிறியவரைப் புனிதராக்கிவிடாமல் இருப்பது நோர்ட்டனின் நேர்மை. பெரிய மனிதர் படைக்கப்பட்டதே தங்களுக்குப் பணிவிடை செய்யத்தான் என்று அந்தக் குடும்பம் உறுதியாக நம்புகிறது. ஹோமிலியின் அகந்தைக்கும் அயலாரைப் பற்றிய அவளுடைய புறணிக்கும் நம் ஊர்க் கிணற்றடி தோற்றுப்போகும். அந்த வீட்டுக்கு நோய் தேற வந்திருக்கும் சிறுவன், உலகில் பெரிய மனிதர்களின் தொகை எண்ணி மாளாது என்றும் உன் இனத்தார் அழிந்துகொண்டிருக்கலாம் என்றும் சொல்லும்போதுதான் அரியெட்டியின் உலகம் முதன்முறையாகச் சுருங்குகிறது. அந்தச் சிறுவன் இந்தியாவில் வளர்ந்தவன். இரண்டு மொழிகளுக்கிடையே சிக்கி ஆங்கில எழுத்துக்கூட்டத் தடுமாறுபவன். பெரியவனாகிய அவன் புத்தகத்தைத் தூக்கிவந்து விரிக்க, பென்சில் உயரச் சிறுமி பக்கத்தின் மேல் நடந்தபடி அவனுக்கு வாசித்துக் காட்டுகிறாள். இவ்வளவு உயரம் ஏறி இறங்கிய பிறகு நமக்குத் தோன்றுவது, இந்த நாவலின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது என்பதே. புகை மூட்டப்படும் நாளில் பிக்காசு எடுத்துவந்து வெளிச்சுவரின் காற்றுவாய்க் கம்பியை உடைப்பவனும் இந்தச் சிறுவன்தான். அவர்கள் தப்பி வெளியேறினார்களா என்று பார்க்க அவனுக்கு நேரம் தரப்படவில்லை. வண்டி வந்து அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பின்னாளில் அவன் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் போரில் இறந்தான். அவனுடைய சகோதரி முதுமையில் கேட் என்ற சிறுமிக்கு இதைச் சொல்ல, கதை நம்மிடம் வந்து சேர்கிறது. அரியெட்டியின் நாட்குறிப்புகூடக் கிடைக்கிறது. ஆனால் அதன் கையெழுத்து அந்தச் சகோதரனுடையதைப் போலவே இருக்கிறது என்று கிழவி கடைசியில் சொல்லிவிடுகிறாள். நிட்டாவோக்களின் முடிவை நமக்குச் சொன்னவர்கள் அவர்களை எரித்தவர்களின் வழித்தோன்றல்கள். நாட்குறிப்பு எழுதியது சிறுமியா, அவளை நேசித்த பெரியவனா என்று நமக்குத் தெரியாது. சிறியவரின் சாட்சியம் பெரும்பாலும் பெரியவர் கையால்தான் எழுதப்படுகிறது. அந்தக் கை தீ மூட்டிய கையா, பிக்காசு எடுத்த கையா என்று ஒவ்வொரு முறையும் கேட்கவேண்டியிருக்கிறது.

கண் மங்கிய பிறகு அம்மம்மாவுக்குப் பேத்திதான் வாசித்துக் காட்டுகிறாள். ஆங்கிலத்தில் வாசித்து, வசனத்துக்கு வசனம் தமிழில் சொல்கிறாள். இப்படி நடக்கும் வீடுகள் வாவியின் இரு கரையிலும் உண்டு. எலி பிடிப்பவர் வரும் இடத்தில் பேத்தி ஆத்திரத்தோடு புத்தகத்தை மூடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

“பாவம், அந்த மனுசி என்ன செய்யும் புள்ள? இவ்வளவு காலமா அந்த அடுப்படியப் பார்த்தவ. சாமான் குறைஞ்சா அவதானே பதில் சொல்லணும்?”

“அதுக்காகப் புகை போடுறதா, அம்மம்மா?”

“போடக்கூடாதுதான். ஆனா அவட இடத்தில நானும் போட்டிருப்பன்.”

பேத்திக்கு இது பிடிக்கவில்லை. அம்மம்மா அப்படிச் செய்யவே மாட்டார் என்று அவள் வாதாடுகிறாள். செய்திருப்பேன் என்று கிழவி விட்டுக்கொடுக்காமல் நிற்கிறார், கறையான் புற்றுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிய கதையையும் எடுத்துவிடுகிறார். அடுத்த அத்தியாயம் அன்றைக்கு வாசிக்கப்படுவதில்லை.